கறுப்பு மூலையில் நின்றவன்

"என்னங்க இது... படமா, கரிச்சட்டியா?"

மழையில் நனைந்த சட்டையோடு ஸ்டுடியோவுக்குள் நுழைந்த வேகத்தில், போனில் வந்திருந்த கறுப்புப் படத்தை நீட்டிக் கேட்டுவிட்டான். கணினி முன்னால் இருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான்... அந்தப் பெரிய கண்களைக் கண்டதும் ஐயாவின் வீரமெல்லாம் வாசலோடு நின்றுவிட்டது.

அவன் தங்கையின் கல்யாணத்துக்குப் படம் எடுக்க வந்தவள் அவள். அன்றைக்கு அவன்மேல் மோதி, "குறுக்க நிக்காதீங்க சார், ஓரமா போங்க!" என்று சொந்தக்காரர்கள் முன்னால் விரட்டியவளும் அவள்தான். ரோஷத்தோடு ஜன்னல் பக்கத்து இருட்டு மூலைக்குப் போனான். அங்கே அப்பா, யாருக்கும் தெரியாமல் அழுதுகொண்டிருந்தார். வாழ்நாளில் அழாத மனுஷன். அவன் சொல்லித்தான் தங்கைக்கே தெரியும். அந்தப் படம்தான் வேண்டுமென்று உயிரை வாங்குகிறாள்.

"எங்கப்பா முகமே தெரியலையே?"

"ஜன்னல் வெளிச்சத்துக்கு அளவு வச்சு எடுத்தேன். வெளிச்சம் வெளுத்துப் போச்சுன்னா திரும்ப வராது. இருட்டுல இருக்கறதை கேமராவுக்குள்ள இருக்கற சென்சார் பத்திரமா வச்சிருக்கும்... பாருங்க."

மவுஸை மெல்ல நகர்த்தினாள். கறுப்பு சாம்பலானது. அப்பாவின் தோள்... கன்னம்... கன்னத்தில் ஈரம்.

அவன் திரையருகே குனிந்தான். அடுத்த நொடியே விலுக்கென்று நிமிர்ந்தான். அப்பாவுக்குப் பின்னால் நின்றது யார்? அவனேதான்! அப்பாவையா பார்த்தான், தங்கையையா பார்த்தான்? வாயைப் பிளந்துகொண்டு இவளையல்லவா பார்த்துக்கொண்டு நின்றான்! கறுப்புதானே, யாருக்குத் தெரியும் என்று இத்தனை நாள் நிம்மதியாக இருந்தானே மடையன்!

"போதும்... போதுங்க! அப்பாவை மட்டும் வெட்டிக் குடுத்துடுங்க."

"இருங்க, வெளிச்சத்தை இன்னும் கொஞ்சம் தூக்கினா அவர் முகம் நல்லா வரும்."

நெற்றி வேர்த்தது. திரையில் அவன் சட்டைக் காலர் தெரிந்தது. கழுத்து தெரிந்தது. இன்னும் ஒரு விரல்கடை நகர்ந்தால் மானம் கப்பலேறிவிடும். சிரித்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம்... இனி என் முகத்தில் விழிக்காதே என்று சொல்லிவிட்டால்?

அதற்குமேல் முடியவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"பின்னாடி நிக்கிறது நான்தாங்க... உங்களைத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறேன். திட்டு வாங்கின நிமிஷத்துல இருந்தே... எனக்கு உங்களைப் பிடிச்சுப்போச்சு."

கண்ணைத் திறக்கவே பயமாக இருந்தது.

"தெரியும்," என்றாள். "அன்னைக்கே வெளிச்சமாக்கிப் பாத்துட்டேன். அதை அனுப்பியிருந்தா, நன்றின்னு ஒரு வார்த்தை போட்டுட்டுப் போயிருப்பீங்க. அதான் கறுப்பாவே அனுப்பினேன்... சண்டை போடவாவது வருவீங்கன்னு. வராமலே இருந்துடுவீங்களோன்னு எனக்கு எவ்ளோ பயம் தெரியுமா?"