வெண்பாறையின் முதல் தோட்டா

நிலவில், வெண்பாறைக் குடியிருப்பில், வானத்துக் கல் பட்டு யாராவது செத்தால் அந்த வீட்டுக்கு ஒரு வாரம் தண்ணீர் இலவசம். மிளகளவுக் கல் கூரையைத் துளைத்து, ஆளைத் துளைத்து, தூளாகிவிடும். தானொட்டிக் கூரை அடுத்த நொடியே தன் ஓட்டையை மூடிக்கொள்ளும். அக்கம்பக்கத்தார் வந்து துக்கம் கேட்பார்கள், கூரைக் காவலரைத் திட்டுவார்கள், பிறகு வேலைக்குப் போவார்கள்.

ஆகவே நீர்ப்பங்கீட்டு அதிகாரி வரதமணி பாசித் தோட்டத்தில் கழுத்தில் ஓட்டையோடு கிடந்தபோது யாரும் வியக்கவில்லை. பிரேதப் பரிசோதனை செய்யும் கூறாய்வி எந்திரமும் ‘விண்கல்’ என்று முடித்துவிட்டது. டாக்டர் செம்மனச்செல்வி கைரேகை வைக்க வேண்டியதுதான் பாக்கி.

வைத்தும் இருப்பாள். ஆனால் வாசலில் தொம்மை நின்றுகொண்டிருந்தான். அன்றைய கூரைக்காவல் அவனுடையது. விண்கல் என்று உறுதியானால் கவனக்குறைவுக்காக அவனைத் துருவச் சுரங்கத்துக்கு அனுப்புவார்கள். அங்கே போனவர்கள் திரும்பியதில்லை.

“கண்ண இமைக்கல டாக்டரம்மா. திரையில ஒரு பொட்டுகூட விழல. என்ன நம்புங்க.”

செல்வி மறுபடி துணியை விலக்கினாள். முன்கழுத்தில் இருந்த ஓட்டை சிறியது, வட்டமானது. விளிம்பு உள்நோக்கி மடங்கி, சுற்றிலும் தோல் உராய்ந்து செம்பழுப்பு வளையமாக இருந்தது. பிடரியில் இருந்ததோ பெரியது. சதை வெளியே பிதுங்கித் தாறுமாறாகக் கிழிந்திருந்தது. நுழைந்த வழி, வெளியேறிய வழி.

“கல்லும் இப்படித்தான் செய்யும்,” என்றது கூறாய்வி.

அவள் ஈரப்பஞ்சால் கழுத்தைத் துடைத்தாள். ஓட்டையைச் சுற்றிப் படிந்திருந்த கரி பஞ்சோடு வந்துவிட்டது. ஆனால் அதே இடத்தில் மூக்குப்பொடி தூவியதுபோல் இருந்த புள்ளிகள் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அவை தோலுக்குள்ளேயே தைத்திருந்தன.

எரிந்தும் எரியாத வெடிமருந்துத் துகள்கள். ‘பூமியின் பழைய நோய்கள்’ என்ற பாடத்தில், பெரியம்மைக்கு அடுத்த பக்கத்தில் அவள் படித்தது.

“கை நீட்டினா தொடுற தூரத்துல ஒருத்தர் நின்னு சுட்டிருக்கார்,” என்று குடியிருப்புத் தலைவி மீனலோசனியிடம் சொன்னாள். “தள்ளி நின்னிருந்தா கரியும் இருக்காது, இந்தப் புள்ளியும் இருக்காது.”

“இங்க ஏது டாக்டர் துப்பாக்கி? நிலாவுக்கு அது வந்ததே இல்லையே!”

“வர வேண்டியதில்லம்மா. வார்ப்பியில வார்த்திருக்கலாம்.”

சட்டியிலிருந்து செயற்கை மூட்டு வரை எல்லாவற்றையும் உலோகப் பொடியிலிருந்து உருவாக்கித் தருபவை வார்ப்பிகள். குடியிருப்பில் நான்கு இருந்தன.

பாசிச் சுவரைக் கிளறித் தோட்டாவைக் கண்டெடுத்தார்கள். துப்பாக்கிக் குழலின் உட்புறச் சுருள்வரிகள் அதன்மேல் கீறல்களாகப் பதிந்திருந்தன. ஒவ்வொரு வார்ப்பிக்கும் தனக்கே உரிய சிறு பழுது உண்டு. அந்தப் பழுது அது வார்க்கும் குழலில் இறங்கும், குழலிலிருந்து தோட்டாவில் இறங்கும். எனவே நான்கிலும் ஒவ்வொரு துப்பாக்கி வார்த்து, தண்ணீர்த் தொட்டிக்குள் சுட்டு, தோட்டாக்களை ஒப்பிட வேண்டும் என்றாள் செல்வி. மீனலோசனி வெகுநேரம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். பூமியின் ஆவணக் கிடங்கிலிருந்து வரைபடம் வந்தது.

மூன்றாவது வார்ப்பியின் தோட்டாவை உருப்பெருக்கியில் கொலைத் தோட்டாவோடு சேர்த்து வைத்தபோது, ஒன்றில் தொடங்கிய கீறல்கள் மற்றதில் பிசகாமல் தொடர்ந்தன. அந்த வார்ப்பியின் சாவி வரதமணியின் உதவியாளன் குலசேகரிடம் இருந்தது. வரதமணியின் பதவிக்காகத்தான் செய்தேன் என்று அழுதான்.

தொம்மை பிழைத்தான். செல்விக்கு வாழ்க்கையில் அவ்வளவு நிறைவு அதற்குமுன் இருந்ததில்லை.

“அந்த நாலு துப்பாக்கியையும் உருக்கிடுங்க. வரைபடத்தையும் அழிச்சிடுங்க,” என்று அவைக்கூட்டத்தில் கேட்டுக்கொண்டாள்.

“உருக்கிடலாம் டாக்டர். நாளைக்கு இன்னொரு குலசேகர் வந்தா?” என்றார் மீனலோசனி. “என் காவலர்கிட்ட ஒண்ணு இருக்கட்டுமே.”

“உங்களுக்கு மட்டும் உயிரா? எங்களுக்கு?” என்றது எதிர்வரிசை.

நான்கு துப்பாக்கிகள் போதவில்லை. சில வாரங்களில் நான்கு வார்ப்பிகளும் இராப்பகலாக அதையே வார்த்துக்கொண்டிருந்தன. மூட்டு மாற்ற வேண்டிய நோயாளிகள் காத்திருந்தார்கள்.

நன்றி சொல்ல வந்த தொம்மையின் இடுப்பிலும் ஒன்று தொங்கியது.

“உனக்கு எதுக்குடா இது?”

“எனக்கும் பிடிக்கல டாக்டரம்மா. ஆனா எல்லார் இடுப்புலயும் இருக்கே. நான் மட்டும் வெறுங்கையோட நின்னா என்னமோ மாதிரி இருக்கு.”

அது ஒரு கழுத்தை என்ன செய்யும் என்று அவனுக்குச் சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அவனுக்குத் தெரியாததில்லை.

வீடு திரும்பும் நடைபாதையில் பின்னால் காலடி கேட்டது. சட்டென்று திரும்பினாள். எதிர்வீட்டு ஆசிரியைதான். அவளும் திடுக்கிட்டு நின்றாள், கை இடுப்புக்குப் போயிருந்தது. இருவரும் சிரித்தார்கள். ஆனால் ஆசிரியை முன்னே போகட்டும் என்று செல்வி ஒதுங்கி நின்றாள்.

மறுநாள் செல்வியும் துப்பாக்கி வரிசையில் நின்றாள்.

“காரணம்?” என்று கேட்டாள் கவுன்ட்டரில் இருந்த பெண்.

“இதால என்னாகும்னு இங்க எல்லாரையும்விட எனக்குத்தான் நல்லாத் தெரியும். அதனால...”

“தற்காப்புன்னு போட்டுக்கறேன் டாக்டர். எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. தோட்டா சிறுசா, பெருசா?”

செல்வி தனக்குத் தெரிந்த காயங்களை ஒருமுறை நினைத்துப் பார்த்தாள்.

“பெருசு,” என்றாள்.