உப்பளத் திட்டின் வாசல்

படகில் ஏறும்போதே சொர்ணத்துக்குப் பிடரி வலித்தது. போன வாரம் முழுக்கச் சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு பழைய சத்திரத்தை இடித்துச் செங்கல் சுமந்த வலி. தலையைத் திருப்பினால் தோள்வரை சுருக்கென்று இழுத்தது. அவள் புருஷன் கேசவன் கடப்பாரையை மடியில் போட்டுக்கொண்டு பீடி குடித்தான்.

சிமெண்டுக்குப் பர்மிட் கேட்டு ஜனங்கள் ஆபீஸ் ஆபீஸாக அலைந்த வருஷம் அது. பழைய செங்கல்லுக்கும் தேக்குக்கும் நல்ல கிராக்கி. செங்கல்பட்டில் மரக்கடை வைத்திருந்த அப்துல் சுபஹான், கோவளத்துக்குத் தெற்கே கழிமுகத்துக்குள் கிடந்த உப்பளத் திட்டு மாளிகையை இடிக்க எடுத்திருந்தார். பக்கத்து மீனவக் குப்பத்து ஆட்கள் யாரும் வேலைக்கு வரவில்லை. படகுக்கு மட்டும் சிவப்பிரகாசம் வந்தான்.

"அந்த வூட்ல இன்னா கீதுன்னு தெரிஞ்சுதான் வர்றீங்களா?" என்றான், கோலை ஊன்றித் தள்ளியபடி.

"பேய் கீதுன்ற. சோறாக்குமா அண்ணாத்த? ஆக்கும்னா இவள வூட்டுலயே வுட்டுட்டு வந்திருப்பேன்."

"வாயப் பாரு," என்று சொர்ணம் கேசவன் தொடையில் குத்தினாள்.

சிவப்பிரகாசம் சிரிக்கவில்லை. குப்பத்தில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். மஞ்சள் புடவைக்காரி என்பார்கள், வலையில் நீளமுடி சிக்குகிறது என்பார்கள். அவன் தாத்தா சொன்னது வேறு. உப்பளக்காரன் ஒருத்தன் அந்த மாளிகையைக் கட்டினான். உப்புப் பாத்தியை விட்டு ஓடப் பார்த்த கூலியாட்களைப் பின்கட்டு அறையில் போட்டு அடைத்தான். புயல் வந்த அன்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவன் மட்டும் படகேறினான். தண்ணீர் வடிந்து கதவைத் திறந்தபோது, உள்ளே ஒருத்தர் விரலிலும் நகம் இல்லை.

"எல்லாம் கதவுலயும் நிலையிலயும் குத்திகினு நின்னுச்சாம்," என்றான்.

படகின் முனையில் உட்கார்ந்திருந்த சுபஹான் தொப்பியைச் சரி செய்துகொண்டார். "பேஜாரு பண்ணாத. கோலத் தள்ளு."

திட்டு வெயிலில் வெளுத்துக் கிடந்தது. மாளிகையின் மாடி எப்போதோ சரிந்துவிட்டது. தூண்களில் ஆலமரம் வேர் விட்டிருந்தது. உள்ளே வௌவால் புழுக்கை நாற்றம், அதற்கு அடியில் அழுகின உப்பின் நாற்றம். பின்கட்டு அறை மட்டும் கூரையோடு முழுசாக நின்றது. கதவு இல்லை. ஒற்றைத் தேக்கில் இழைத்த நிலை மட்டும் கறையான் தொடாமல் கறுப்பாக இருந்தது.

சொர்ணம் அதன் உட்பக்கத்தைத் தடவினாள். இடுப்பு உயரத்திலிருந்து தலைக்கு மேல்வரை கீறல் கீறலாக இருந்தது.

"எலி," என்றான் கேசவன்.

"எலி இம்மாம் ஒசரமா நிக்கும்?"

வீடு இடிக்கிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. கூரையைப் பிரிப்பார்கள், சுவரை இறக்குவார்கள், வாசல் நிலையைக் கடைசிவரை தொடமாட்டார்கள். முதல் அடி அடிக்குமுன் நிலையில் சூடம் ஏற்றி, 'இடிக்கப் போறோம், இருக்கிறவங்க போயிடுங்க' என்று உள்ளே பார்த்துக் கத்துவார்கள். நிலை நிற்கிறவரை அது வாசல். பிடுங்கிவிட்டால் வெறும் ஓட்டை. ஓட்டை வழியாக எதுவும் போகாது. சுபஹானும் இத்தனை வருஷத் தொழிலில் இந்த முறையைத் தாண்டியதில்லை.

ஆனால் கழிமுகம் மண் மூடிக்கொண்டு வந்தது. கடல் ஏறியிருக்கும் இந்த நேரத்தை விட்டால் நிலையின் கனத்துக்குப் படகு தரை தட்டிவிடும்.

"மொதல்ல நிலைய எடுத்துரலாம் கேசவா. மத்தது மெல்ல."

"வேணாம் பாய்," என்றாள் சொர்ணம். "சூடம்கூட ஏத்தல."

"கடல் உனக்காக நிக்குமா?" என்று கேசவன் கடப்பாரையைச் சந்தில் நுழைத்து நெம்பினான். சுண்ணாம்பு உதிர்ந்தது. நிலை நீளமாக ஒரு சத்தம் போட்டுக்கொண்டு சுவரை விட்டு வந்தது. நாலு பேரும் சேர்ந்து, மூச்சு வாங்கி, நடுவில் இறக்கி வைத்து, மறுபடி தூக்கித்தான் அதைப் படகில் போட முடிந்தது.

கேசவன் உத்தரத்தைத் தட்டிப் பார்க்கத் திரும்பிப் பின்கட்டு அறைக்குள் போனான். ஆண்கள் இருவரும் கரையில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். சொர்ணம் முற்றத்தில் செங்கல் அடுக்கினாள்.

உள்ளே கடப்பாரை விழுந்தது. ணங். ணங்.

பிறகு அது ஒரே ஒரு ஆள் இடிக்கிற சத்தமாக இல்லை.

"உள்ள யாருய்யா?" என்று கத்தினாள்.

"சொர்ணம்," என்றது கேசவனின் குரல். "வாசல் எங்கமே?"

அவள் ஓடிவந்து பார்த்தாள். நிலை பிடுங்கிய இடம் ஆள் உயரத்துக்குத் திறந்து கிடந்தது. வெயில் உள்ளே விழுந்திருந்தது. அந்த வெயிலில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், கேசவன் நின்றுகொண்டு காற்றைத் தடவிக்கொண்டிருந்தான். குருடன் சுவரைத் தடவுகிற மாதிரி. கடப்பாரையை ஓங்கி அவளுக்கு நேராக வெறும் காற்றில் குத்தினான்.

ணங்.

காற்றில் செங்கல் சத்தம் கேட்டது. கடப்பாரை தெறித்து விழுந்தது. கைமுட்டியால் குத்தினான். முட்டித் தோல் உரிந்து ரத்தம் காற்றிலேயே ஒட்டி, கோடாக வழிந்தது.

"எதிர்லதான்யா நிக்கறேன்! வா!"

"இருட்டா கீதுமே. தண்ணி ஏறுது."

தரை காய்ந்து கிடந்தது. ஆனால் அவன் வேட்டி இடுப்புவரை நனைந்திருந்தது.

அவள் கையை உள்ளே விட்டாள். தடையில்லாமல் போனது. உப்புத்தண்ணீர்ச் சில்லிப்பு. அவன் வலது கையைப் பிடித்து இழுத்தாள். விரல் வந்தது, முழங்கை வந்தது, தோளோடு நின்றுவிட்டது. கேசவனின் முகம் காற்றில் மோதி, மூக்கு நசுங்கி, கன்னம் தட்டையானது.

"பாய்! நிலையக் கொண்டாங்க! நிலைய வெச்சாத்தான் வருவான்!"

சுபஹான் ஓடிவந்து பார்த்தார். வாயில் 'யா அல்லாஹ்' என்பது பாதியோடு நின்றது. "வுட்றாதம்மா, இதோ!" என்று படகுக்கு ஓடினார். சிவப்பிரகாசமும் ஓடினான். நாலு பேர் தூக்கிய மரம். இரண்டு பேர் இழுத்தார்கள், விழுந்தார்கள், மணலில் உருட்டினார்கள்.

கேசவனுக்குப் பின்னால் கைகள் தெரிந்தன.

வெளுத்து ஊறிய கைகள். எந்த விரலிலும் நகம் இல்லை. ஒன்று அவன் முடியைப் பிடித்தது. ஒன்று வாய்க்குள் நுழைந்து தாடையை இழுத்தது. விலா எலும்பு ஒன்று படக்கென்று முறிந்தது அவளுக்குக் கேட்டது.

"வுடுங்க! அவனும் கூலிக்காரன்தான்! உங்கள மாதிரிதான்!"

அவர்கள் விடவில்லை. கேசவன் என்னவோ சொன்னான். வாயிலிருந்து தண்ணீர்தான் வந்தது.

"கொஞ்சம் புடிச்சுக்கோம்மா!" என்று முற்றத்தின் கோடியிலிருந்து சுபஹான் அலறினார். நிலையின் ஒரு முனை தெரிந்தது.

உள்ளே இருந்தவர்கள் ஒரே மூச்சில் இழுத்தார்கள். வெறுமனே பிடித்துக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை. சுவரில் காலை உதைத்து, பல்லைக் கடித்து, செங்கல் சுமந்த பலம் முழுவதையும் போட்டு இழுத்தாள்.

ஈரத் துணி கிழிகிற சத்தம்.

அவள் மல்லாக்க விழுந்தாள். கை அவளிடம் இருந்தது. விரல்கள் அவள் விரல்களை இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தன.

கூரை சுவரோடு சேர்ந்து சரிந்து இறங்கியது. சுபஹானும் சிவப்பிரகாசமும் நிலையோடு வந்து நின்றபோது, அதை வைக்கச் சுவர் இல்லை.

போலீஸ் வந்து ஆள் விட்டுத் தோண்டியது. கடைசிச் செங்கல்வரை புரட்டினார்கள். கடப்பாரை கிடைத்தது. உடைந்த பீடி கிடைத்தது. வேறு ஒன்றும் இல்லை. சுவர் இடிந்து ஆள் சாவு என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

சுபஹான் அந்த நிலையைத் தொடவில்லை. அது திட்டிலேயே கிடந்து வெளுத்தது. மாளிகை இருந்த இடத்தில் இப்போது இடுப்பு உயரச் சுவர்கூடக் கிடையாது. ஆனாலும் உச்சி வெயிலில் அந்தப் பக்கம் வலை வீசுகிறவர்கள் காதைப் பொத்திக்கொண்டு படகைத் திருப்புகிறார்கள். இரும்பு செங்கல்லில் விழும் சத்தம் விட்டுவிட்டு வருகிறதாம். நடுவில் ஒரு ஆண் குரல், வழி கேட்கிற குரல்.

சொர்ணம் கருங்குழியில் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போய்விட்டாள். அவள் எரித்தது ஒரு வலது கையைத்தான். மீதிக் கேசவனை அந்த வீடு அவளுக்கு இன்னும் தரவேண்டியிருக்கிறது.