பன்னிரண்டு சால்மனும் ஒரு செதிலும்

"அந்தப் பெட்டியை எங்கே கொண்டு போனீங்க?"

"அதை மட்டும் கேக்காதீங்க மேடம்."

நேற்று கார்மேகத்தோடு பேசியதை அப்படியே ஒப்பித்துவிட்டுக் கனகா கைக்குட்டையை மடித்தாள். அஜ்மானில் மீன் இறக்குமதி செய்யும் கம்பெனியில் அவள் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. கார்மேகம் அங்கே குளிர்கிடங்குப் பொறுப்பாளன். கடலில் பிடித்த சால்மன் என்று ஹோட்டலுக்குப் போன பெட்டியில் இருந்தது பண்ணை மீன் என்று செஃப் புகார் செய்திருந்தார். நல்ல பெட்டியைக் கடத்திவிட்டு மட்டமானதை வைத்தவன் கார்மேகம்தான் என்பது மேனேஜர் மீரா சாகிப்பின் முடிவு. வியாழக்கிழமைக்குள் உண்மை தெரியாவிட்டால் விசா கேன்சல், ஊருக்கு டிக்கெட்.

ஷார்ஜாவில் மீன்களின் மரபணுவைச் சோதிக்கும் லேப் நடத்தும் பத்மநாபன், அவள் கொண்டுவந்த ரிஜிஸ்டரைப் புரட்டினார். மாதம் ஒரு பெட்டி மீன் எடுத்துக்கொள்ள ஸ்டாஃபுக்கு அனுமதி உண்டு. சால்மன் மட்டும் கூடாது. ஆனால் கார்மேகத்தின் கையெழுத்தில் இருந்தது இது: 'சால்மன், ஸ்டாஃப் பெட்டி 1, வெள்ளி காலை.'

"ஆள் மாட்டிக்கிட்டார் சார்," என்றாள் உதவியாளர் சம்யுக்தா, அந்த வரியின்மேல் காய்ந்து ஒட்டியிருந்த செதிலை நகத்தால் சுரண்டியபடி.

"அதைக் கீழே போடாதேம்மா, டியூப்ல போடு. கனகா, ஹோட்டல்ல இருக்கிற மீன் எல்லாம் வேணும். அதே லோடில் வந்த, சீல் உடைக்காத பெட்டி ஒண்ணும் வேணும்."

வியாழன் காலை கனகா, கார்மேகம், மீரா சாகிப் மூவரும் லேபுக்கு வந்தார்கள்.

"சால்மன் ஆத்துல பிறந்து கடலுக்குப் போற மீன்," என்று பத்மநாபன் நிதானமாகத் தொடங்கினார். "ஒவ்வொரு ஆத்து மீனுக்கும் மரபணுவில் தனி அடையாளம் இருக்கும். நடுக்கடல்ல வலை போட்டா பல ஆத்து மீனும் கலந்துதான் விழும். நம்ம லேபர் கேம்ப் ரூம் மாதிரி. பத்துப் பேர் இருந்தா பத்து ஊர்."

"இந்த ரூம்ல?" என்றார் மீரா சாகிப்.

"ஹோட்டல்ல இருந்து வந்த பன்னிரண்டும் ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்க. பண்ணை மீன்தான். ஆனா சீல் உடைக்காத பெட்டியிலும் இதே குடும்பம். மோசடி அனுப்பினவன்கிட்டயே நடந்திருக்கு. மாத்தி வைக்க இங்கே நல்ல பெட்டியே வரலை."

"அப்ப இவன் எடுத்துட்டுப் போனது?"

"ரிஜிஸ்டர்ல ஒட்டியிருந்த செதில் நம்ம ஊர்க் காலா மீனோடது," என்றாள் சம்யுக்தா, சற்று அசடு வழிய.

பத்மநாபன் திரும்பினார். "காலாவை ஏன் சால்மன்னு எழுதினீங்க?"

"கம்பெனி லிஸ்ட்ல காலாவுக்கு 'இந்தியன் சால்மன்'னுதான் சார் பேரு. கட்டம் சின்னது. இந்தியனுக்கு இடம் பத்தல."

மீரா சாகிப் வாய்விட்டுச் சிரித்தார். "விசா பேச்சு கலாஸ், முடிஞ்சுது. இதை அன்னிக்கே சொல்றதுக்கு என்னடா?"

"சொன்னா யாருக்குன்னு கேப்பீங்களே."

கனகாவின் புருவம் சுருங்கியது. "போன வெள்ளி எங்க வீட்லயும் காலாக் குழம்புதான். அப்பா மார்க்கெட்ல வாங்கினேன்னு…"

"அப்பாவுக்கு மீன் பார்த்து வாங்கத் தெரியுமா?" என்றாள் சம்யுக்தா.

"லிஃப்ட்ல எந்த பட்டனை அமுக்கணும்னே தெரியாது."

கார்மேகத்தின் காது சிவந்தது. "மூணு மாசமா மீனோட போறேன். உங்க அப்பா மீனை வாங்கிட்டு டீ குடுப்பார். குடிச்சிட்டு வந்துடுவேன். கேக்க வந்ததுக்கு வாயே திறக்காது."

"அப்பாகிட்ட என்ன கேக்கணும்?"

அவன் மேனேஜரைப் பார்த்தான், பத்மநாபனைப் பார்த்தான். பிறகு அவளை மட்டும் பார்த்தான்.

"அதை உங்ககிட்டயே கேக்கறேன், கனகா. என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"