மூன்று கையெழுத்து

தம்பி பரிதி அனுப்பிய படத்தில், அவன் தோளுக்குப் பின்னால் சிவப்பாக ஏதோ தெரிந்தது. விமானப் படிக்கட்டின் கீழே தூறலில் நின்று பல்லெல்லாம் தெரியச் சிரித்திருந்தான். ‘அக்கா, நீ பாத்து அனுப்புற பிளேன்’ என்று எழுதியிருந்தான். விமான நிலையத்தில் இரவுப் பராமரிப்பு வேலை முடிந்து, தஞ்சாவூருக்கு அப்பால் வயல் நடுவே இருந்த வீட்டுக்கு வந்து, சேற்று வாசனையும் பம்புசெட்டின் ஓசையும் சன்னல் வழியே வர அரைத்தூக்கத்தில் படுத்திருந்த எழில்மொழி படத்தைப் பெரிதாக்கினாள்.

விமானத்தின் மூக்கருகே சிவப்பு நாடாக்கள்.

வேகத்தை அளக்கும் குழாய்களுக்குள் குளவி கூடு கட்டாமலிருக்க இரவில் உறை மாட்டுவார்கள். யாரும் மறக்கக் கூடாதென்றுதான் உறையில் சிவப்பு நாடா. கழற்றாமல் கிளம்பினால் விமானி பார்க்கும் வேகம் பொய்யாக இருக்கும். கழற்ற வேண்டியவள் அவள்தான். விடியலில் மழை கொட்டியது. விட்டதும் கழற்றலாம், எப்படியும் மேலதிகாரி ரெத்தினம் ஒருமுறை பார்ப்பார் என்ற தைரியத்தில் உறை கழற்றியாயிற்று என்ற தாளில் முதலில் கையெழுத்தைப் போட்டாள். பிறகு பேருந்துக்கு ஓடியதில் சுத்தமாக மறந்துபோனாள்.

ரெத்தினத்தை அழைத்துச் சொன்னாள்.

“நீ போட்டுட்டேன்னுதாம்மா நானும் போட்டேன். நம்ம ஊருப் பொண்ணு வேலையத் திரும்பப் பாக்கணுமான்னு விட்டுட்டேன்.”

“விமானி சுத்திப் பாத்திருப்பாருல்ல சார்?”

“மழையில அவரு இறங்கல. நம்ம ரெண்டு கையெழுத்தும் இருக்கேன்னு அவரும் போட்டுட்டாரு.”

“நிறுத்தச் சொல்லுங்க சார். என் தம்பி அதுல இருக்கான்.”

“மேல ஏறிருச்சும்மா.”

பரிதியின் போன் அணைந்திருந்தது. மறுபடி அழைத்தாள். மறுபடி. வாசலுக்கு வந்து வயலைப் பார்த்து நின்றாள்.

வீட்டுக்குப் பின்பக்கம் வானத்தில் ஓர் இரைச்சல். இந்த வழியாக விமானம் போவதில்லை. மேலே எங்கோ கேட்டது. ஏறியது. இறங்கியது. மூச்சுத் திணறுவது போல் விட்டுவிட்டு வந்தது.

பிறகு இல்லை.

எதிரே வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். அவளைப் பார்க்கவில்லை. கூரைக்கு மேலே, வெகு உயரத்தில், எல்லோரும் ஒரே இடத்தைப் பார்த்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்தினாள்.

எழில்மொழியால் திரும்ப முடியவில்லை.

அண்ணாந்திருந்த அந்த முகங்கள், எல்லாம் ஒன்றாக, வானத்தில் எதையோ தொடர்ந்து, மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன.