நீர்க்கணக்கன் கொடுத்த விடை

தம்! தம்! தம்!

கோட்டை வாசல் முரசு திடீரென்று அதிர்ந்தபோது, நாகைத் துறையின் புன்னை மரங்களில் அப்போதுதான் வந்து அடைந்திருந்த நாரைகள் பதறி எழுந்து, செவ்வானத்தில் வெள்ளைத் துகில்களை உதறினாற்போல் பறந்தன. கடுவையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் நங்கூரம் பாய்ச்சி நின்ற மரக்கலங்களிலிருந்து சங்குகள் பதில் முழங்கின. கிழக்கே கடலுக்குள்ளிருந்து, குயவன் சக்கரத்திலிருந்து அப்போதுதான் இறக்கிய மண்சட்டியைப் போலச் சிவந்த நிறத்தோடு முழுநிலா தலையை நீட்டிக் கொண்டிருந்தது.

ஆற்றுத் துறையில் தண்ணீர்ச் சாடி ஒன்றின் வாயை அரக்கால் மூடிக்கொண்டிருந்த ஐயாறன், முரசொலி கேட்டுத் திடுக்கிட்டான். உருகிய அரக்கு அவன் புறங்கையில் வழிந்தது. அதை அவன் உணரவே இல்லை.

"என்ன தண்ணிக்கணக்கரே, கையில அரக்கு ஊத்திக்கிட்டு நிக்கிறீரு? சாடியை விட்டுட்டு உம்ம கைக்கு முத்திரை வைக்கிறீரா?" என்று சிரித்தான் சாடி சுமக்கும் கும்பன்.

"கும்பா! அது புறப்பாட்டு முரசுதானே? அடுத்த பௌர்ணமிக்கு அல்லவா புறப்பாடு என்றார்கள்?"

"பெரியவங்க மனசு கச்சான் காத்து மாதிரி. எப்பத் திரும்பும்னு நமக்கு யாரு சொல்றா? உமக்குச் சொன்னாங்களா, எனக்குச் சொன்னாங்களா?"

உமக்குச் சொன்னார்களா! கும்பன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் ஐயாறனுடைய நெஞ்சில் நெடுநாளாகச் சீழ் பிடித்திருந்த புண்ணின் மீதே அந்தச் சொல் போய்த் தைத்தது.

வாசக அன்பர்களே! சோழநாட்டுக் கடற்படையில் வீரர்களும் மாலுமிகளும் மட்டுமே இருந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். உப்புக் கடலில் செல்கிறவனுக்கு வாளைவிட முக்கியமானது குடிதண்ணீர். எந்தக் கப்பலில் எத்தனை சாடி ஏற்ற வேண்டும் என்று கணக்கிட்டு, சாடிகளுக்கு அரக்கு முத்திரை இட்டு அனுப்புகிறவன் நீர்க்கணக்கன். கப்பல் எங்கே போகிறது என்று அவனுக்கு யாரும் சொல்வதில்லை. ஆனால் சொல்லவும் தேவையில்லை. படைத்தலைவர் கேட்கும் தண்ணீரின் அளவைப் பார்த்தே, எத்தனை நாள் பயணம், வழியில் எந்தத் தீவில் இறங்கித் தண்ணீர் நிரப்பிக்கொள்வார்கள் என்பதையெல்லாம் கூர்மையான மூளையுள்ள ஒருவன் ஊகித்துவிடலாம். ஐயாறனுக்குக் கூர்மையான மூளை இருந்தது. அதுவே அவனுக்கு வினையாயிற்று.

கற்பூர வணிகன் என்று சொல்லிக்கொண்டு நாகையில் வந்து தங்கிய சந்திரமித்திரன், முதன்முதலில் ஐயாறனைப் பார்த்தபோது இரண்டு கைகளையும் குவித்தான். "தாங்கள்தானே கடற்படைக் கணக்கர்? தங்களைப் போன்ற அறிவாளியை இந்தத் துறைமுகத்தார் சாடிகளுக்கு நடுவே உட்கார வைத்திருக்கிறார்களே!" என்றான். துறையில் எல்லோரும் 'தண்ணிக்கணக்கு' என்று கூவி அழைக்கும் ஒருவனுடைய காதில் அந்தத் 'தாங்கள்' தேனாகப் பாய்ந்தது. மறுமுறை சந்தித்தபோது, "இந்தப் பெரும்படை எங்கே போகப் போகிறதோ! அது பெரிய தளபதிகளுக்கல்லவா தெரியும்?" என்று வணிகன் பெருமூச்சு விட்டான். "தளபதிகள் சொல்ல வேண்டுமா? நான் சொல்கிறேன், கேளும்!" என்று ஐயாறன் வீறாப்போடு வாயைத் திறந்தான்.

அன்று அது வெறும் வாய்ச்சவடால். ஆனால் அதற்குப் பிறகு சந்திரமித்திரன் தன் இடுப்பிலிருந்து கடாரத்து மன்னனின் முத்திரை மோதிரத்தை எடுத்துக் காட்டினான். அப்போதாவது ஐயாறன் எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. உட்கார்ந்தான். படை நேரே கடாரம் செல்கிறது என்பதையும், வழியில் மாநக்கவாரத் தீவின் தெற்குச் சுனையில் தண்ணீர் எடுக்க இறங்கும் என்பதையும் தெளிவாக விளக்கிச் சொன்னான். "தாங்கள் குறித்துக் கொடுத்த சுனையிலேயே அவர்களுக்கு விருந்து வைப்போம். ஆயுதத்தைக் கரையில் வைத்துவிட்டுக் குனிந்து தண்ணீர் மொள்ளும்போது!" என்று சொல்லிவிட்டுச் சந்திரமித்திரன் கப்பல் ஏறினான். போகும்போது, கடாரத்துக் கட்டுமானத்தில் அமைந்த விரைவுப் படகு ஒன்றைப் புன்னைத் தோப்புக்குப் பின்னால் விட்டுச் சென்றான். படை புறப்பட்ட பிறகு ஐயாறன் அதில் ஏறி, தெற்கே காத்திருக்கும் நாவாயை அடைந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

பொன்னுக்காகச் செய்திருந்தால் வறுமை என்று சொல்லித் தன்னையே சமாதானம் செய்துகொண்டிருக்கலாம். ஐயாறன் ஒரு காசும் வாங்கவில்லை. ஒரு சொல்லுக்காக விற்றான். அதை நினைக்கும்போதெல்லாம், தனியாக இருக்கும்போதுகூட, அவன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

"நீர் இங்கேயா நிற்கிறீர்?"

பின்னாலிருந்து கேட்ட குரலில் ஐயாறனுடைய முதுகு சிலிர்த்தது. கையில் விளக்கோடு நின்றாள் நப்பின்னை. மறைந்த மரக்கல நாயகரின் மகள். அவள் அண்ணன் எயினன்தான் தலைமைக் கப்பலான 'செவ்வல்லி'யின் மாலுமி. சுக்கானைப் பிடித்தே வளர்ந்ததால் காய்ப்பேறிய அவளுடைய கைகளையும், கடற்காற்று கலைத்துக் கலைத்து ஒருநாளும் படியாத அவளுடைய கூந்தலையும் எண்ணி ஐயாறன் தூக்கமிழந்த இரவுகள் பல. ஆனால் அவளும்தான் அவனைக் கேலி செய்தாள். "உம்மை 'நீர்' என்று அழைத்தால் மரியாதைக்கு மரியாதையும் ஆயிற்று, தொழிலுக்குத் தொழிலும் ஆயிற்று!" என்று ஒருமுறை அவள் சொல்லிச் சிரித்தது துறை முழுவதும் பரவிவிட்டது. அன்று இரவுதான் அவன் முதன்முதலாகச் சந்திரமித்திரனுடைய மாளிகைப் படியேறினான்.

"கப்பல்களை அவிழ்க்கப் போகிறார்கள். நீர் வந்து விடை கொடுக்க வேண்டாமா?" என்றாள் நப்பின்னை.

நாகைத் துறையில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. கப்பல் புறப்படும்போது நீர்க்கணக்கன் துறையின் கடைசிப் படியில் நின்று, ஒரு கை ஆற்று நீரை அதன் முகப்பில் தெளித்து, பெயர் சொல்லி, "போய் வா!" என்று கூவ வேண்டும். அதைக் கேட்காமல் எந்தத் துடுப்பும் நீரில் இறங்காது. நீர்க்கணக்கன் வாயால் 'வா' என்று வந்தால், திரும்பி வருவதற்கு வேண்டிய தண்ணீருக்கு வழி இருக்கிறது என்று பொருள்.

ஐயாறன் கடைசிப் படியில் போய் நின்றான். முதல் கப்பல் நகர்ந்தது. நீரைத் தெளித்தான். "போய் வா!" என்று கூவினான். தன் குரலே யாரோ ஒரு பொய்ச்சாட்சியின் குரலாகக் காதில் விழுந்தது. அடுத்த கப்பலும் போயிற்று. அதற்கடுத்ததும் போயிற்று. ஒவ்வொரு முறையும் விளக்கொளியில் சிரித்த முகங்கள் அவனைப் பார்த்துக் கையசைத்தன. கரையில் நின்ற பெண்கள் குலவையிட்டார்கள்.

கடைசியாகச் 'செவ்வல்லி' வந்தது. சுக்கானருகில் நின்ற எயினன் படியைப் பார்த்து உரக்கக் கூவினான்:

"என்ன மைத்துனரே! திரும்பி வரும்போது உமக்கு என்ன கொண்டு வரட்டும்? எந்த ஊருக்குப் போகிறோம் என்று எனக்கே தெரியாது. இருந்தாலும் கேட்டு வையும்!"

மைத்துனரே! அந்த உறவுச் சொல்லை எயினன் ஒருபோதும் சொன்னதில்லை. ஐயாறன் திரும்பி நப்பின்னையைப் பார்த்தான். அவள் விளக்கைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டாள். அண்ணனிடம் பேசி முடித்துவிட்டாள் என்பது அவனுக்குப் புரிந்தது. மாலுமிகளும் துடுப்புக்காரர்களும் தலைநிமிர்ந்து அவனுடைய சொல்லுக்காகக் காத்திருந்தார்கள்.

"செவ்வல்லி... போ..." என்றான் ஐயாறன். உதடுகள் அசைந்தன. சொல் வரவில்லை.

முரசின் முழக்கத்தில் கப்பலில் இருந்தவர்கள் அவன் உதடுகள் அசைந்ததைப் பார்த்தே சொல் வந்துவிட்டதாக எண்ணிக்கொண்டார்கள். துடுப்புகள் இறங்கின. செவ்வல்லி, நிலா வெள்ளி பூசிய நீரைக் கிழித்துக்கொண்டு முகத்துவாரத்தை நோக்கிச் சென்றது. ஆனால் பக்கத்தில் நின்றவளுக்குக் கேட்டுவிட்டது.

"நீர் 'வா' என்று சொல்லவில்லை," என்றாள் நப்பின்னை.

"தொண்டை கம்மிவிட்டது."

"மற்ற கப்பல்களுக்கெல்லாம் கம்மவில்லையே! என் அண்ணனுடைய கப்பலுக்கு மட்டுமா? என் முகத்தைப் பாரும். பாரும் என்கிறேன்! அந்தக் கப்பலில் என்ன இருக்கிறது? ஓட்டைச் சாடிகளா? கெட்ட தண்ணீரா?"

"தண்ணீர் நல்ல தண்ணீர்தான், நப்பின்னை. நான்தான்..." என்று தொடங்கிய ஐயாறன், படியிலேயே சரிந்து உட்கார்ந்தான். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். சுனையைச் சொன்னான். மோதிரத்தைச் சொன்னான். தோப்புக்குப் பின்னால் தனக்காகக் காத்திருக்கும் படகையும் சொன்னான். எதற்காகச் செய்தான் என்று மட்டும் சொல்ல அவனால் முடியவில்லை. அவளே கேட்டாள்:

"எவ்வளவு பொன் கொடுத்தார்கள்?"

"பொன் இல்லை. அவன் என்னைத் 'தாங்கள்' என்று அழைத்தான்."

அவள் அழுவாள், அறைவாள், காவலரைக் கூவி அழைப்பாள் என்றெல்லாம் எதிர்பார்த்தான் ஐயாறன். நப்பின்னையோ விளக்கை ஊதி அணைத்தாள்.

"அவ்வளவுதானா? இனி நானும் அப்படியே அழைக்கிறேன். தாங்கள் எழுந்திருங்கள். அந்தப் படகு எங்கே இருக்கிறதென்று தாங்கள் காட்டுங்கள். எல்லாக் கப்பல்களும் வெளிக்கடலில் கூடி, செவ்வல்லியின் கொடிமர விளக்கைப் பார்த்த பிறகுதான் பாய் விரிக்கும். அதற்குள் தாங்கள் படைத்தலைவரிடம் போய்ச் சொல்ல வேண்டும்."

மரியாதை என்பது சாட்டையாகவும் இருக்கும் என்பதை ஐயாறன் அப்போது அறிந்தான்.

அவனைத் தப்ப வைப்பதற்காக எதிரி விட்டுப்போன படகு, அவனைத் தண்டனைக்குக் கொண்டுபோகும் படகாயிற்று. நப்பின்னை சுக்கானைப் பிடித்தாள். ஐயாறன் துடுப்புப் போட்டான். எழுதுகோலையன்றி வேறெதையும் பிடித்துப் பழகாத அவன் உள்ளங்கைகள் கொப்பளித்து உடைந்தன. முகத்துவாரத்து மணல்திட்டில் அலைகள் வெண்பல் காட்டிச் சீறின. படகு ஒரு பக்கம் சாய்ந்தபோது தண்ணீர் உள்ளே பாய்ந்தது.

"நப்பின்னை! நீ திரும்பிவிடு. நான் நீந்தியாவது போகிறேன்," என்றான் அவன்.

"தாங்கள் நீந்துவதைத் துறையில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பேசாமல் துடுப்பைப் போடுங்கள்."

அந்தக் கேலியில் பழைய நப்பின்னை ஒரு கணம் எட்டிப் பார்த்தாள். அதைக் கேட்டு ஐயாறன் விம்மினான். கேலி என்று அவன் வெறுத்த அத்தனை சொற்களும் உண்மையில் என்னவாக இருந்தன என்பது இப்போதுதான் அவனுக்கு விளங்கிற்று.

அவர்கள் செவ்வல்லியை நெருங்கியபோது, கப்பலில் இருந்தவர்கள் கொடிமர விளக்கை ஏற்றக் கயிற்றில் கை வைத்திருந்தார்கள். "நிறுத்துங்கள்! விளக்கை ஏற்றாதீர்கள்!" என்று நப்பின்னை கூவிய குரல் அலைகளுக்கு மேலே எழுந்தது. எயினன் நூலேணியை வீசினான்.

மேல்தளத்தில் நின்றிருந்தார் படைத்தலைவர் முனையதரையர். நரைத்த மீசையும், ஒரு கண்ணின் மேல் குறுக்காக ஓடிய பழைய தழும்புமாக நிலவொளியில் அவர் கற்சிலை போல் காணப்பட்டார். ஐயாறன் அவர் காலடியில் விழுந்தான்.

"பிரபு! மாநக்கவாரத்தில் தண்ணீர் எடுக்க இறங்காதீர்கள். தெற்குச் சுனையில் கடாரத்துப் படை மறைந்து காத்திருக்கும். கரைக்குத் திரும்புங்கள். துறையில் சாடிகளை இரட்டித்து ஏற்றிக் கொடுப்பார்கள். நக்கவாரத்தைத் தொடாமலே போய்விடலாம்."

"இது உமக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் அவர்களுக்குச் சொன்னேன்."

எயினனுடைய கை உறைவாளுக்குப் பாய்ந்தது. நப்பின்னை அதைத் தடுக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முனையதரையர்தான் கையை உயர்த்தினார்.

"எயினா, முதலில் எல்லாக் கப்பல்களையும் திரும்பச் சொல்லிச் சங்கு ஊதச் சொல்!" என்றார். சங்கு முழங்கியது. கடலில் பரவிக் கிடந்த விளக்குகள் ஒவ்வொன்றாகக் கரைப்பக்கம் திரும்பின. எயினனுடைய உயிரும், அவனோடு சென்ற அத்தனை பேருடைய உயிரும் மீண்டுவிட்டன என்பதை ஐயாறன் கண்டான். ஆனால் அவன் எழவில்லை.

"ஏன் செய்தீர்?" என்று கேட்டார் முனையதரையர். குரலில் கோபம் இல்லை. அதுவே ஐயாறனுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

"பிரபு! சாடிக்கு நடுவில் கிடந்தவனை யார் மனிதனாக மதித்தார்கள்? படை எங்கே போகிறது என்று சுக்கான் பிடிப்பவனுக்குச் சொல்லவில்லை, சரி. எனக்காவது ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை, நம்பி யாராவது சொன்னார்களா?"

முனையதரையர் குனிந்து, அரக்கு உறைந்து கிடந்த அந்தக் கையைப் பற்றித் தூக்கினார்.

"நீர்க்கணக்கனிடம் மட்டும் எந்தப் பயணத்தையும் மறைக்க முடியாது, ஐயாறரே! அது தெரிந்துதான், இந்த நாட்டிலேயே நான் முழுக்க நம்பிய ஒருவரைத் தேடிப் பிடித்து அந்தச் சாடிகளுக்கு நடுவே உட்கார வைத்தேன்!"