எழுந்து நில்லுங்கள்

முதல் நாளே மாரிசெல்விக்கு அந்த வாட்ச்சின் மேல் ஆத்திரம் வந்தது. காலை ஆறு மணிக்கு லைனில் நின்றவள், டீ பிரேக்குக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கும்போது, கார் ஒயர் கட்டுக்குக் கறுப்பு டேப் சுற்றிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு விர்ரென்று அதிர்ந்தது. கையைத் திருப்பிப் பார்த்தாள். 'நீண்ட நேரமாகப் படுத்திருக்கிறீர்கள். எழுந்து நில்லுங்கள்!' என்று எழுத்து ஓடியது. பக்கத்தில் ஒரு பொம்மை, கைதட்டக் காத்துக்கொண்டு நின்றது.

மூன்றரை மணி நேரமாக நின்று பாதம் இரண்டும் பணியாரமாக வீங்கிக் கிடப்பவளிடம் சொல்கிற பேச்சா இது?

"ஏட்டி உலகம்மா, இதப் பாரு. நான் படுத்துக் கெடக்கேனாம்."

அடுத்த இடத்தில் நின்ற உலகம்மாள், தென்காசிப் பக்கத்துக்காரி, மண்ணூரில் இவளோடு ஒரே அறையில் இருப்பவள். தன் வாட்ச்சைப் பார்த்துவிட்டு, "எனக்கு அப்படி ஒண்ணும் வரலியேட்டி" என்றாள்.

ஒரகடத்து ஒயர் கம்பெனி அது. தொழிலாளர் உடல்நலத்துக்காக என்று சொல்லித்தான் வாட்ச்சைக் கட்டிவிட்டார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். நாடித் துடிப்பு எவ்வளவு, நடை எவ்வளவு, பாத்ரூமில் எத்தனை நிமிஷம் என்று எல்லாம் சூப்பர்வைசர் ரகுபதியின் டேப்லெட்டுக்குப் போகும். கழற்றினால் ஆப்சென்ட். அதிலும் ஆபீஸ்காரர்களுக்குத்தான் புதுசு. லைன் பெண்களுக்கு, வேலையை விட்டுப் போனவர்களின் வாட்ச்சைத் துடைத்துக் கொடுத்தார்கள். மாரிசெல்விக்கும் பழையது ரிப்பேராகி, மாற்றாகக் கிடைத்தது இது.

நான்காம் நாள் ரகுபதி டேப்லெட்டோடு வந்து நின்றான். பென்னலூர்க்காரன். லைனில் யாரும் உட்காரக் கூடாது என்பது அவன் வைத்த சட்டம். நிற்க முடிந்தால் நில், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ என்பான்.

"இன்னாம்மா, உன் வாட்ச்ல நாடியே காட்டல, வெறும் கோடுதான் வருது. லூசா கட்டிக்கினு கீறியா? டைட்டா கட்டு."

கட்டினாள். மூன்றாவது ஓட்டையில் பட்டையை இறுக்கும்போதுதான் அந்தப் பொட்டு கண்ணில் பட்டது. ஓட்டைக்குப் பக்கத்தில், மெரூன் நெயில் பாலிஷால் வைத்த ஒரு சின்னப் பொட்டு. ஐந்து பேர் இருக்கிற அறையில் பொருள் மாறிப்போகக் கூடாது என்று வாளி, சோப்பு டப்பா, சார்ஜர், டிபன் பாக்ஸ் மூடி என்று எல்லாவற்றிலும் இப்படிப் பொட்டு வைக்கிறவள் ஒருத்திதான் இருந்தாள். ஷெர்லின். நாகர்கோவில்காரி, இவளுக்கு அடுத்த கட்டிலில் படுத்தவள்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் ஷெர்லின் காய்ச்சலோடு லைனுக்கு வந்தாள். அஞ்சு நிமிஷம் உட்கார ஒரு ஸ்டூல் கேட்டாள். ரகுபதி கொடுக்கவில்லை. அவள் தரையில் சரிந்தபோதும், "நடிக்காத, எழுந்து நில்லு" என்றுதான் சொன்னான். இரண்டு பேர் தூக்கிப் போனார்கள், அவன் பின்னால் போனான். சாயங்காலம், ஊருக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள். மறுநாள், சொல்லாமல் ஓடிவிட்டாள் என்றார்கள். அதற்கு மறுநாள், ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் எவனோடோ பார்த்தோம் என்றார்கள். கேட்கிறவன் கேனையன் என்றால் கேழ்வரகில் நெய் வடியுமாம். மாரிசெல்வி அதை நம்பினாள். தன்னிடம்கூட ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாளே என்ற கோபத்தில், ஷெர்லின் விட்டுப்போன சூட்கேஸைக் காலால் தள்ளிக் கட்டிலுக்கு அடியில் விட்டாள்.

ஊருக்குப் போகிறவள் சூட்கேஸை விட்டுவிட்டா போவாள்? அன்றைக்கு ஏன் அது உறைக்கவில்லை? இப்போது தன் மேலேயே எரிந்துகொண்டு வந்தது. ஞாயிறுதோறும் கோயில் முடிந்து ஷெர்லினின் அம்மா போன் செய்வாள். "மக்ளே, அவ எங்கயாங்கிலும் நல்லா இருந்தா போரும். ஒரு போன் பண்ணச் சொல்லு." அந்தக் குரலுக்குச் சொல்ல ஒரு பதில் வேண்டும். அவள் எங்கே?

ரகுபதியிடமே கேட்டாள். "சார், இது ஷெர்லின் வாட்ச்தான?"

அவன் முகம் மாறவில்லை. டேப்லெட்டைப் பிடித்த விரல்தான் வெளுத்தது. "அது ஓடிப் பூட்ச்சு. அத்த பத்தி இன்னா பேச்சு? மூணாவது ஷெட்டு தொறந்தா பர்மனென்ட் லிஸ்ட்டு போடுறாங்க. பேரு வரணும்னா வாய மூடிக்கினு வேலையப் பாரு."

இரண்டாவது வாரத்தில் வாட்ச் குளிர்ந்தது. ஒரகடத்து வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்திலும், தண்ணீர்க் குடத்தடியில் கை வைத்ததுபோல் மணிக்கட்டு மட்டும் சில்லிட்டுக் கிடந்தது. ஷிப்ட் முடிந்து பட்டையைத் தளர்த்தினால் உள்ளே சாம்பல் நிறத்தில் ஈரம் கசிந்திருக்கும். துடைத்தால் விரலில் நறநறக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் அறை முழுக்கப் புதுச் சிமெண்ட் வாசம் நிற்கும். கட்டிலுக்கு அடியில் சூட்கேஸ் இருந்த பக்கம் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

கேன்டீனுக்குப் போகிற வழியில்தான் மூன்றாவது ஷெட். அதன் கதவை நெருங்க நெருங்க வாட்ச் அதிகமாக அதிரும். தாண்டிப் போனால் அடங்கும். ஒரு நாள் கதவோரம் நின்று பார்த்தாள். கை மரத்துப்போகும்வரை நிற்காமல் அதிர்ந்தது. படுத்திருக்கிறீர்கள். எழுந்து நில்லுங்கள். படுத்திருக்கிறீர்கள். எழுந்து நில்லுங்கள். உள்ளே பச்சைப் பெயிண்ட் அடித்த தரை பளபளவென்று கிடந்தது. அந்தத் தரைக்குக் கான்கிரீட் போட்டது ஷெர்லின் விழுந்த அன்றைக்கு ராத்திரி. கலவை லாரிகள் விடிய விடிய வந்துபோனது மாரிசெல்விக்கு நினைவு வந்தது.

அறைக்கு வந்து உலகம்மாளிடம் சொன்னாள்.

"அவ அங்கதான் கெடக்கா உலகம்மா."

உலகம்மாள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். "வெளிய சொல்லிராதட்டி. நம்மளயும் ஓடிப்போயிட்டாள்வன்னு சொல்லிருவானுவ."

மூன்றாவது வாரம் ஆயுத பூஜை. புது ஷெட்டைப் பூஜை போட்டுத் திறந்தார்கள். வாழைக்கன்று, பொரி, சந்தனம் அப்பிய மெஷின்கள். சேஃப்டி ஷூவெல்லாம் வாசலில் வரிசையாகக் கிடக்க, இருநூறு பேர் வெறுங்காலோடு அந்தப் பச்சைத் தரையில் நின்றார்கள். ரகுபதி புது வெள்ளைச் சட்டை போட்டு, கற்பூரம் வைத்த பூசணிக்காயோடு முன்னால் நின்றான். கம்பெனியில் எல்லா மெஷினும் ஓய்ந்திருந்தது. தன் மூச்சுச் சத்தமே மாரிசெல்விக்குப் புதிதாகக் கேட்டது.

வாட்ச் அதிர்ந்தது. எழுந்து நில்லுங்கள்.

மறுபடியும். எழுந்து நில்லுங்கள்.

பிறகு அடங்கிவிட்டது. மணி அடித்தார்கள். கற்பூரம் ஏற்றினார்கள்.

இரண்டு சின்ன அதிர்வு. இதுவரை வராத மாதிரி.

'வாழ்த்துகள்! எழுந்து நின்றுவிட்டீர்கள்.' பொம்மை கைதட்டியது.

நடை: 1.

மாரிசெல்வி அசையவில்லை.

நடை: 2. நடை: 3.

திரும்பிப் பார்த்தாள். ஷெட்டின் கடைசியில், ஆளில்லாத மூலையில், தரையில் ஒரு காலடி. சாம்பல் ஈரம். சின்னக் கால். அதற்கு முன்னால் இன்னொன்று. அதற்கு முன்னால் இன்னொன்று.

பெண்கள் நின்ற வரிசைக்குள் வந்தது. ஏன் என்று தெரியாமலேயே ஒவ்வொருத்தியும் கொஞ்சம் ஒதுங்கினாள். உலகம்மாள் காலை இழுத்துக்கொண்டு, "தரை என்னட்டி இப்படிச் சில்லுனு இருக்கு" என்று முணுமுணுத்தாள்.

சிமெண்ட் வாசம். பக்கத்தில். தோளை உரசிக்கொண்டு.

'ஷெர்லின்' என்று கூப்பிட வாயெடுத்தாள்.

21. 22. 23.

தாண்டிப் போனது. முன்னால். பூசணிக்காயை நோக்கி.

31. நின்றது. ரகுபதியின் குதிகாலுக்குப் பின்னால் இரண்டு பாதம், அவனை ஒட்டி.

'சார்' என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். அவன் நகர்ந்துவிடுவான். நாக்கு எழும்பியது. ஸ்டூல் நினைவுக்கு வந்தது. தரையில் சரிந்த பெண்ணின் தலைமாட்டில் நின்று அவன் சொன்னது. நடிக்காத, எழுந்து நில்லு.

மாரிசெல்வி வாயை மூடிக்கொண்டாள்.

வாட்ச்சில் கோடு மறைந்தது. நாடி: 72.

வெள்ளைச் சட்டையின் முதுகில் இரண்டு கைகள் பதிந்தன. சாம்பல் ஈரம். மெல்ல மேலே ஏறின.

யாரோ நெருக்குகிறார்கள் என்று நினைத்து, ரகுபதி திரும்பாமலேயே சொன்னான்.

"யார்மா அது? தள்ளி நில்லு."

கைகள் தோளுக்கு வந்தன. கழுத்துக்கு வந்தன. அவன் பிடரியில், முடி முடிகிற இடத்துக்குக் கீழே, ஒரு சின்னப் பொட்டு விழுந்தது. மெரூன் பொட்டு. இன்னும் காயவில்லை.