உப்புநீர் எலி

வெறும் உப்புநீர் ஊசி போட்ட எலி தலையை உதறியது.

ஒருமுறை என்றால் பரவாயில்லை. எப்போதாவது நடப்பதுதான். அவன் காத்திருந்தான். சுண்டெலிகள் விழித்திருக்கும் நேரத்தில் வேலை நடக்க வேண்டும் என்பதற்காக, அந்த அறையில் பகலை இரவாக்கி வைத்திருந்தார்கள். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே ஒரே ஒரு சிவப்பு பல்பு, ஈர மரத்தூளும் மூத்திரமும் கலந்த நெடி, காற்றுக் குழாயின் ஓயாத முனகல், கம்பி வலையைச் சின்னச் சின்ன நகங்கள் கீறும் சத்தம், சுவரில் அவனைவிடப் பெரிதாக அவன் நிழல்.

காளானிலிருந்து எடுத்த மருந்தைத்தான் அவன் ஆராய்ந்துகொண்டிருந்தான். மூளையில் செரடோனின் என்ற ரசாயனம் உட்காரும் ஏற்பியில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். இல்லாதது தெரியத் தொடங்கும். மனிதன் என்றால் வாய்விட்டுச் சொல்வான். எலி, காதில் தண்ணீர் புகுந்ததுபோல் வெடுக்கென்று தலையை உதறும். அந்த உதறல்களை எண்ணுவதுதான் அவன் வேலை.

உப்புநீர் எலி மறுபடி உதறியது. பிறகு தலையைத் தூக்கி, அவன் இடது தோளுக்குப் பின்னால் பார்த்தது.

பக்கத்துக் கூண்டிலும் உதறல். அதற்கடுத்ததிலும்.

"ஊசி மாறிப்போச்சா?" எலிகளைப் பராமரிப்பவளிடம் கேட்டான்.

"என்கிட்டயா கேக்கறீங்க? நான் தனியா நிக்கறப்ப ஒண்ணும் உதறல சார். நீங்க உள்ள வந்தாத்தான் ஆரம்பிக்குதுங்க. கட்டினவரு கூட எனக்கு இப்படித் தலையாட்டினதில்ல."

சிரித்துக்கொண்டே வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். அவனுக்குச் சிரிப்பு வருவது நின்று ஒன்பது மாதம். பிரசவத்தன்று, துணியில் சுற்றி வந்த குழந்தையை வாங்க மனைவி இரண்டு கைகளையும் நீட்டினாள். வாங்குவதற்குள் கைகள் விழுந்துவிட்டன.

வெளியே போய்க் கதவுக் கண்ணாடி வழியே பார்த்தான். எலிகள் அமைதியாக இருந்தன. உள்ளே வந்தான். உதறின.

ஏற்பியை அடைத்துவிடும் மருந்து ஒன்று உண்டு. அதைக் கொடுத்தால் எந்த மாயத்தோற்றமும் உள்ளே நுழைய வழியிருக்காது. எல்லாக் கூண்டுக்கும் அதைக் கொடுத்தான். அது ஏறும்வரை கூண்டுகளைப் பார்த்தபடி நின்றான்.

உதறல் நின்றது.

ஆனால் பார்த்தன. அத்தனையும். அதே இடத்தை.

அப்படியென்றால் பிரமை இல்லை. அங்கே இருக்கிறது.

பின்னங்கழுத்து சில்லிட்டது. அந்தப் பயத்துக்கு அடியில், மரத்துக்கிடந்த இடத்தில், வேறொன்று அசைந்தது. அவன் திரும்பவில்லை. திரும்பினால் போய்விடுவாள்.

"நீயா?"

காற்றுக் குழாயின் முனகல் நின்றது.

"வீட்டுக்கு வாம்மா," என்றான். "பாப்பாவ நீ தூக்கவே இல்லையே."

பேருந்தில் நிற்க இடமில்லாத கூட்டம். அவன் இடப்பக்கத்து இருக்கையில் மட்டும் யாரும் உட்காரவில்லை.

வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அவன் அக்கா கதவைத் திறந்து புருவத்தை உயர்த்தினாள். "என்னடா, வெளிச்சத்துலயே வந்துட்ட? எலிங்க லீவு விட்டுடுச்சா?"

"பாப்பா?"

"கூடத்துல கரண்டிய கடிச்சிட்டிருக்கா. பாத்துக்க, பால் பொங்கிடும்." சமையலறைக்கு ஓடினாள்.

பாயில் உட்கார்ந்திருந்த குழந்தை அவனைப் பார்த்தது. சிரிக்கத் தொடங்கியது. பாதியில் நிறுத்தியது.

வெடுக்கென்று தலையை உதறியது. காதில் தண்ணீர் புகுந்ததுபோல்.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். குழந்தையின் கண்கள் அவன் இடது தோளுக்குப் போயின. அங்கே நிற்கவில்லை. மேலே ஏறின. அவன் தலையைத் தாண்டின. கதவின் மேல்சட்டத்தைத் தாண்டின. கூரை முட்டும் இடத்தில் நின்றன.

மனைவி அவன் தோளளவுதான்.

இருக்கிறது என்று மட்டுமே சோதித்திருந்தான். யார் என்று சோதிக்கவில்லை.

ஈர மரத்தூள் நெடி அவன் இடது காதை உரசிக்கொண்டு முன்னால் போனது. குழந்தையின் கண்கள் அதனுடன் நகர்ந்தன. கூடத்தைக் கடந்தன. பாய்க்கு வந்தன. தன் தலைக்கு நேர் மேலே நின்றன.

"அக்கா," என்றான். சத்தம் வரவில்லை. கால் நகரவில்லை.

கரண்டி கீழே விழுந்தது.

குழந்தை இரண்டு கைகளையும் மேலே நீட்டியது.

கக்கத்தில் சட்டை சுருங்கியது. இரண்டு பக்கமும்.

குதிகால்கள் பாயை விட்டு எழும்பின.